அறிவித்தலும் விடைவழுவும்: தலைமன்னார்ப் பாதையை முன்வைத்து ஒரு நோக்கு

இலக்கியத் திறனாய்வு கவிதை, நாடகம், புனைகதை என்பவற்றோடு நின்றுவிடும் துறை அன்று. மொழி எங்கெல்லாம் மனித வாழ்வைத் தொட்டு நிற்கின்றதோ அங்கெல்லாம் அதன் தகுதியை அளந்து கூறும் பொறுப்பு திறனாய்வுக்கு உண்டு. அவ்வாறு நோக்குமிடத்து, நாள்தோறும் பல்லாயிரவர் செவிமடுத்தும் எவராலும் ஆராயப்படாத ஓர் உரைவகை, புகையிரத நிலையத்து ஒலிபெருக்கியில் எழும் அறிவித்தலாகும். அதற்கு ஆசிரியர் பெயர் இல்லை, நூல்வடிவம் இல்லை, ஒலித்த மறுகணமே அது மறைந்துவிடுகிறது. ஆயினும் ஒரு மனிதன் அன்றிரவு எங்கே உறங்குவான் என்பதைச் சில வேளைகளிலும், அவன் உயிரோடு இருப்பானா என்பதை அரிதான வேளைகளிலும் தீர்மானிக்கும் ஆற்றல் அவ்வுரைக்கு உண்டு.

வண்டிகள் நேரந்தவறாது ஓடும் நாளில் அறிவித்தல் ஓர் அணி மட்டுமே. மேடையில் நிற்பவன் வண்டியைத் தன் கண்ணாலேயே காண்கிறான். சேவை தடைப்படும் நாளிலேதான் அறிவித்தல் தன் உண்மையான தொழிலை ஏற்கிறது. அப்பொழுது பிரயாணியின் கண் எட்டாத இடத்தில் நிகழ்வதை அவனுக்கு உரைப்பது அது ஒன்றே. எனவே அறிவித்தல் எந்நாளில் மிகவும் வேண்டப்படுகின்றதோ அந்நாளிலேயே அது மிகவும் பிழைபடுகின்றது என்பது சிறிய குறைபாடாகக் கருதற்பாலதன்று.

இவ்வாய்வுக்கு மன்னார்க் கரை பொருத்தமான களமாகும். மதவாச்சியிலே வடபாதையை விட்டுப் பிரிந்து, செட்டிகுளம், மடு வீதி, முருங்கன், திருக்கேதீச்சரம் என்னும் இடங்களைத் தொட்டுக் கடல் கடந்து தீவினுட் புகுந்து, பேசாலை வழியாகத் தலைமன்னார் இறங்குதுறையில் முடியும் இப்பாதை ஏறத்தாழ நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளமுடையது. 1914ஆம் ஆண்டு முதல் இறங்குதுறையிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும், அங்கிருந்து சென்னைக்குப் புகையிரதமும் என ஒரே பயணச்சங்கிலியின் நடுக்கண்ணியாக இது விளங்கிற்று. 1964ஆம் ஆண்டுச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்த பின்னர் கப்பல் இராமேசுவரத்துக்கு மாறியது. 1980களில் அதுவும் நின்றது. 1990இல் போர் காரணமாகப் புகையிரதமும் நின்றது. 2015ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் தலைமன்னார் வரையிலான பாதை மீளத் திறக்கப்பட்டது. சேவை என்பதைக் காட்டிலும் சேவைத் தடை என்பதையே நீண்டகாலம் அறிந்திருந்த மக்கள் இக்கரையினர். தடையை மொழி எவ்வாறு கூறுகிறது என்று ஆராய்வதற்கு இவர்களுடைய அனுபவத்தினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அறிவித்தலை மதிப்பிடுவதற்கான அளவுகோலைப் பிறமொழித் தொடர்பியல் நூல்களிலே தேடவேண்டியதில்லை. தமிழ் இலக்கணமே அதனைத் தந்துள்ளது. தொல்காப்பியக் கிளவியாக்கம் வினாவையும் செப்பையும் வழுவின்றிக் காத்தலைப் பேசுகிறது. பவணந்தியாரின் நன்னூல் விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எண்வகைப்படுத்துகிறது. மேடையில் நிற்கும் பிரயாணியின் உள்ளத்தில் இருப்பது ஒரே வினா: ‘தலைமன்னார் வண்டி வருமா?’ இதற்கு ‘வரும்’ என்பது நேர். ‘வராது’ என்பது மறை. ‘முருங்கனுக்கு அப்பால் பாதை வெள்ளத்தில் மூழ்கியது’ என்பது உற்றதுரைத்தல். ‘இருள்வதற்கு முன் பாதை சீராகாது’ என்பது உறுவது கூறல். ‘பேருந்தில் செல்க’ என்பது ஏவல். ‘மதவாச்சி வரை செல்லும் வண்டி உண்டு’ என்பது இனமொழி. இவற்றுள் எதனைக் கேட்டாலும் பிரயாணி அடுத்து என்ன செய்வது என்பதை முடிவு செய்துகொள்வான். அவன் கேட்டதற்கு அது விடையாகும்.

ஆனால் தடை நாளில் வழமையாக ஒலிக்கும் வாய்பாடு யாது? ‘தவிர்க்கமுடியாத காரணங்களினால் வண்டி சற்றுத் தாமதமாகும், பிரயாணிகளுக்கு ஏற்படும் அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்.’ இவ்வாக்கியத்தைச் சொல் சொல்லாக எடுத்து ஆராய்தல் தகும். ‘தவிர்க்கமுடியாத காரணங்கள்’ என்பது உற்றதுரைத்தல் போலத் தோன்றினும் உற்றது எதனையும் உரைக்கவில்லை. வெள்ளமா, இயந்திரக் கோளாறா, பணிப்புறக்கணிப்பா என்பது அதில் இல்லை. வெள்ளமெனின் பேருந்தும் ஓடாது. பணிப்புறக்கணிப்பெனின் பேருந்து ஓடும். காரணத்தை மறைப்பது மாற்றுவழியை மறைப்பதாகவே முடிகிறது. ‘சற்று’ என்பது உறுவது கூறல் போன்றது. எனினும் அதற்கு அளவு இல்லை. பத்து நிமிடமும் சற்றே, ஐந்து மணித்தியாலமும் சற்றே. ‘அசௌகரியம்’ என்னும் சொல், மருத்துவத்திற்காகக் கொழும்பு செல்லும் நோயாளியின் தவறிப்போன முறையையும், நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இளைஞனின் இழந்துபோன வாய்ப்பையும், இருக்கை கிடைக்காதவனின் கால்வலியையும் ஒரே தட்டில் வைக்கிறது. வருத்தம் தெரிவித்தல் பண்பே. ஆயினும் அது விடை அன்று. ஊருக்கு வழி கேட்டவனுக்கு மாட்டின் விலையைக் கூறுவதை இலக்கண உரைகாரர் விடைவழுவுக்கு எடுத்துக்காட்டுவர். வண்டி வருமா என்றவனுக்கு வருத்தத்தைக் கூறுவதும் அவ்வழுவின் பாற்பட்டதே.

இவ்வழு எத்தகைய இழப்பை விளைக்கும் என்பதை அறிய மடு வீதி நிலையமே போதும். ஆவணி மாதத் திருவிழாவுக்கு மடு அன்னையின் திருத்தலத்துக்கு வந்து திரும்புவோர் குழந்தைகளோடும் முதியோரோடும் அங்கே மாலைப்பொழுதில் காத்து நிற்பர். வண்டி வாராது என்று உரிய வேளையில் அறிந்தால் அவர்கள் பேருந்தைப் பிடிக்கலாம். இன்றேல் மீண்டும் தலத்துக்கே சென்று தங்கலாம். ‘சற்று’ என்பதை நம்பியிருந்தால், கடைசிப் பேருந்தும் போனபின் காட்டோரத்து நிலையத்தில் இரவைக் கழிக்க நேரிடும். பொய் கூறப்படவில்லை, ஆயினும் பொய்யினால் விளையக்கூடிய தீங்கு விளைந்துவிடுகிறது.

‘சற்று’ என்பதன் மூத்த உடன்பிறப்புகள் ‘தற்காலிகமாக’, ‘விரைவில்’ என்னும் இரு சொற்கள். இவற்றின் வரலாற்றைத் தலைமன்னார் இறங்குதுறையைவிடத் தெளிவாக உரைக்கும் இடம் அரிது. 1980களில் நின்ற கப்பற் சேவை பற்றிய பேச்சு அதன் பின் பலமுறை எழுந்தது. 2011இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட புரிந்துணர்வு உடன்படிக்கையில் கொழும்பு–தூத்துக்குடி வழியோடு தலைமன்னார்–இராமேசுவரம் வழியும் குறிக்கப்பட்டது. கொழும்பு–தூத்துக்குடிக் கப்பல் அவ்வாண்டிலேயே தொடங்கி, அவ்வாண்டிலேயே நின்றது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான இருநாட்டுக் கூட்டறிக்கையும் இராமேசுவரம்–தலைமன்னார்ச் சேவையை விரைந்து மீளத் தொடங்குதற்கு முயல்வதாகக் கூறிற்று. இடைப்பட்ட நாற்பதாண்டில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து தன் பிள்ளைகளையும் கண்டுவிட்டது. நிலைய மேடையில் ‘சற்று’ என்னும் சொல் மணித்தியாலங்களை விழுங்குவது போலவே, அரச அறிக்கையில் ‘விரைவில்’ என்னும் சொல் ஆண்டுகளை விழுங்குகிறது. அளவற்ற காலச்சொல்லுக்குப் பழகிய செவி, பின்னர் அளவோடு கூறப்படும் உண்மையையும் நம்ப மறுக்கிறது. அறிவித்தலின் மிகப் பெரிய இழப்பு இதுவே. ஒரு பிழையான அறிவித்தல் அன்றைய பயணத்தை மட்டுமன்றி, நாளைய அறிவித்தலின் நம்பகத்தையும் கெடுத்துவிடுகிறது.

நம்பகம் கெட்டுப்போவதும், செய்தியே வாராதுபோவதும் உயிரிழப்பில் முடிதல் கூடும். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை அண்டிய வேளையிற் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653ஆம் இலக்கப் பிரயாணிகள் வண்டி நிலையத்தை அடையுமுன்னரே கடல் கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நிலையத்தை அணுகுகையிற் கைகாட்டி இயங்கவில்லையென்றும், சிறிது நேரம் காத்திருந்தபின் வண்டி இருளிலே முன்னேறிற்றென்றும் அந்நிகழ்ச்சி கூறப்பட்டு வருகிறது. எதிர்க்கரையில் நின்று அதே காற்றைத் தாங்கிய மன்னார்த் தீவினருக்கு இது அயலார் கதை அன்று. நாற்பது ஆண்டுகளின் பின், 2004 டிசம்பர் 26இல், ஆழிப்பேரலை பற்றிய செய்தி மருதானைக் கட்டுப்பாட்டு நிலையத்தை எட்டியபோது கரையோரப் பாதையின் பல வண்டிகள் நிறுத்தப்பட்டன. மாத்தறை நோக்கிச் சென்ற வண்டியை மட்டும் நிறுத்த முடியவில்லை. அம்பலாங்கொடை நிலையத்துத் தொலைபேசிக்கு உரிய வேளையில் மறுமொழி கிடைக்கவில்லை. பெரலியவில் அவ்வண்டியோடு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அழிந்தனர். இவ்விரண்டிலும் பிழையான சொல் எதுவும் கூறப்படவில்லை. சொல்லே சென்று சேரவில்லை. செய்தியின்மையைத் தடையின்மை என்று கொள்ளும் மனித இயல்பே இவற்றிலிருந்து அறியக்கிடக்கிறது. மௌனமும் ஓர் அறிவித்தலே. அதன் பொருளைக் கேட்போன் தானே இட்டுக்கொள்கிறான்.

சொல் சென்று சேர்ந்தும் அது பிழைபட்டதாயின் நிகழ்வதைச் சுரங்கப் புகையிரதங்களின் வரலாறு காட்டும். 2003 பெப்ரவரி 18இல் தென்கொரியாவின் தேகு நகரச் சுரங்கப்பாதையில் ஒருவன் வண்டியில் தீ வைத்தான். அதே நிலையத்துக்கு எதிர்த்திசையில் வந்து நின்ற மற்றொரு வண்டியின் பிரயாணிகளுக்குச் சற்றுப் பொறுத்திருக்குமாறு அறிவிக்கப்பட்டது. தீ அவ்வண்டிக்கும் தாவியது. அன்று மாண்ட 192 பேருள் பெரும்பாலோர் இரண்டாம் வண்டியினர். 2005 யூலை 7இல் இலண்டன் சுரங்கப் புகையிரதங்களில் குண்டுகள் வெடித்தபோது, மின்னோட்டம் திடீரென மிகுந்தமையே காரணமென்று முதலில் அறிவிக்கப்பட்டது. முன்னதில் அறிவித்தல் உயிரைக் குடித்தது. பின்னது அறியாமை உறுதியின் உடையணிந்து வெளிவந்தமைக்கு எடுத்துக்காட்டு. ஊகத்தை ஊகமென்று கூறியிருப்பின் அது வழுவாகாது.

இவ்விடத்து இரு தடைகள் எழுப்பப்படலாம். உண்மையை முற்றாகக் கூறின் மக்கள் பீதியுறுவர் என்பது முதலாவது. ஆனால் பீதியை வளர்ப்பது உண்மையன்று. கண்முன் காண்பதற்கும் காதில் விழுவதற்கும் உள்ள முரண்பாடே. புகையைக் கண்டவனிடம் பொறுத்திருக்குமாறு கூறுவது அவனை அமைதிப்படுத்தாது. ஒன்றில் அவன் நம்பி அழிவான். அன்றேல் நம்பாது ஓடுவான். நிலைய அதிபருக்கே எதுவும் தெரியாதபோது அவர் எதனைக் கூறுவார் என்பது இரண்டாவது. இது நியாயமான தடை. ஒலிபெருக்கியின் முன் இருப்பவர் பெரும்பாலும் செய்தியின் ஊற்று அல்லர். கட்டுப்பாட்டு நிலையம் தந்ததைக் கடத்துபவர் மட்டுமே. மேடையின் கோபம் முழுவதும் அவர் தலையில் விழுதல் முறையன்று. ஆயினும் அறியாமைக்கும் இலக்கணம் உண்டு. ஐயப்பட்ட பொருளை ஐயத்துக்குரிய பொதுச்சொல்லாலேயே கூறவேண்டுமென்று தமிழ் இலக்கணம் விதிக்கும். தூரத்தே தெரிவது ஆணா பெண்ணா என்று துணியாதபோது ஒன்றைத் துணிந்து கூறுவது வழு. அதுபோலவே, ‘வண்டி எப்போது வரும் என்பது இன்னும் தெரியவில்லை, நான்கு மணிக்கு மீண்டும் அறிவிக்கப்படும்’ என்பது குறைபாடுடைய கூற்று அன்று. அதில் அறியாமை உண்மையாகக் கூறப்படுகிறது. அறியப்போகும் நேரமும் உறுதியாகக் கூறப்படுகிறது.

மொழிச் சிக்கலும் இதனோடு பிணைந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆயினும் தடை நாளில் ஒரு மொழியில் உருவாகும் செய்தி மற்றொரு மொழிக்கு மாற்றப்பட்டே வருமாயின், இரண்டாவதாகக் கேட்பவன் பழைய செய்தியையே கேட்கிறான். நிலைமை நிமிடத்துக்கு நிமிடம் மாறும் வேளையில் மொழிபெயர்ப்பின் தாமதம் காலவழுவாக மாறிவிடுகிறது. சட்டத்தில் மொழி பெற்ற சமத்துவம் மேடையில் நேரச் சமத்துவமாகவும் அமைந்தாலன்றி நிறைவுறாது. 2020 டிசம்பரில் புரெவிச் சூறாவளி இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவினுள் இறங்கியது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளி நாட்டின் பல பாகங்களிலும் புகையிரதப் பாதைகளைச் சிதைத்தது. இத்தகைய நாட்கள் இனியும் வரும். அந்நாட்களில் பேசாலை மீனவனும் கொழும்பு வணிகனும் ஒரே செய்தியை ஒரே கணத்தில் தத்தம் மொழியில் அறிதல் சலுகையன்று, உரிமை.

நல்ல அறிவித்தலை இயற்றுதற்குப் புலமை வேண்டுவதில்லை. நிகழ்ந்தது யாது, எதுவரை வண்டி ஓடும், மாற்றுவழி எது, மறு அறிவித்தல் எப்பொழுது என்னும் நான்கும் அமைந்தால் போதும். ‘முருங்கனுக்கு அப்பால் பாதையில் வெள்ளம் நிற்கிறது. தலைமன்னார் வண்டி முருங்கனோடு நிற்கும். அங்கிருந்து மன்னாருக்குப் பேருந்து ஓடுகிறது. பாதை எப்போது சீராகும் என்பது தெரியவில்லை. ஐந்து மணிக்கு மீண்டும் கூறப்படும்.’ இதில் உற்றதுரைத்தல் உண்டு, மறை உண்டு, இனமொழி உண்டு, ஐயம் ஐயமாகவே நிற்கிறது. வருத்தம் தெரிவிக்கும் சொல் ஒன்றுமில்லை. ஆயினும் கேட்பவன் காலத்தை மதிக்கும் பண்பு இவ்வைந்து வாக்கியங்களிலும் நிறைந்திருக்கிறது. அப்பண்பு இல்லாத இடத்து வருத்தச் சொல் எத்தனை முறை ஒலிப்பினும் அது மேடையின் இரைச்சலோடு இரைச்சலாகவே கழியும்.