காமன் பொட்டலும் மேடைத் திரையும்

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்துவிட்டால் எனது வகுப்பில் தூக்கம் புகுந்துவிடும். முன்வாங்கில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகூடக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் காரணம் கேட்டு ஏசுகின்ற ஆசிரியனாகத்தான் இருந்தேன். பிறகு ஒரு வருடம் நானே தோட்டத்துக்குப் போய் விடிய விடியக் குளிரில் உட்கார்ந்து பார்த்தேன். அன்றிலிருந்து கேட்பதில்லை. பிறை பார்த்து நாள் குறிப்பது நமக்கு மட்டும் உரிய வேலையல்ல என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

மலையகத் தோட்டங்களின் நாடகப் பருவம் என்று ஒன்று உண்டென்றால் அது காமன் கூத்துத்தான். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் உண்டு. தபசு மரத்தில் அருச்சுனன் ஏறும்போது கீழே நிற்கும் சனம் மூச்சை அடக்கிக்கொள்வதை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் ஒரு தோட்டம் முழுவதையும் இரண்டு வாரத்துக்கு மேல் தன்வசம் வைத்திருக்கும் சக்தி காமனுக்கே இருக்கிறது. கம்பம் ஊன்றுவதோடு தொடங்குகிறது. வேடம் கட்டுவோர் விரதம் இருக்கிறார்கள். இரவானால் தப்புச் சத்தம். ரதியும் மன்மதனும் லயம் லயமாகப் போக, வாசலில் ஆரத்தி எடுக்கிறார்கள். கடைசி இரவில் ஓலை வருகிறது, மன்மதன் சிவனின் தவத்தைக் கலைக்கப் போகிறான், எரிக்கப்படுகிறான், பின்னர் எழுப்பப்படுகிறான். கதை எல்லோருக்கும் தெரிந்ததே. என்ன நடக்கும் என்று அறிய யாரும் அங்கே வருவதில்லை.

வருவது ரதிக்காக. ஓலை வந்த பிறகு போக வேண்டாம் என்று ரதி தடுக்கும் கட்டம் நீண்டுகொண்டே போகும். கெட்ட கனவு கண்டேன் என்கிறாள். சிவனோடு மோதினால் மீள முடியாது என்கிறாள். மன்மதனோ மேலிடத்துக் கட்டளையை மீற முடியாது என்கிறான். இருவரும் மாறி மாறிப் பாட, தப்பு அதற்கேற்பத் தணிந்தும் எழுந்தும் வரும். நான் பார்த்த இரவில் இந்தக் கட்டம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன்தான் ரதி. அவன் குரல் உடைந்த இடத்தில் எனக்குப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்தியிருந்த கிழவி சத்தமாக அழுதாள். ஏன் என்று கேட்டேன். "எங்க அண்ணனும் இப்பிடித்தான் கடிதாசி வந்து போச்சு சார்" என்றாள்.

அது எந்தக் கடிதம் என்று விளக்கத் தேவையில்லை. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். எஞ்சிய ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் அந்தப் பட்டியலிலும் தங்கை இந்தப் பட்டியலிலும் இருந்த குடும்பங்கள் உண்டு. மலையிலிருந்து ரயில், தலைமன்னாரிலிருந்து கப்பல். மேலேயிருந்து ஓலை வருகிறது, போகிறவனால் மறுக்க முடியவில்லை, நிற்கிறவளால் தடுக்க முடியவில்லை. புராணத்திலே இல்லாத இந்த அர்த்தத்தைக் கூத்துக்காரர் எவரும் திட்டமிட்டு வைக்கவில்லை. பார்த்திருந்த சனமே அதை நிரப்பியிருக்கிறது. அந்தக் கட்டம் ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்பவருக்கு என்னிடம் இதைவிட வேறு பதில் இல்லை.

இப்பொழுது மேடைக்கு வருவோம். 2023இல் மலையகம் 200 என்று எங்கும் விழா எடுத்த காலத்திலும் அதன் பின்னரும் காமன் கூத்து மண்டபங்களுக்குள் அடிக்கடி அழைக்கப்படுகிறது. மகிழ்ச்சிதான். நகரத்து மண்டபம் ஒன்றில் நான் பார்த்த ஆற்றுகைக்கு இருபத்தைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். திரை விலகியது, பளபளக்கும் உடைகள், ஒரே மாதிரியான அடவுகள், ஒலிவாங்கிக்கு முன்னே வந்து பாடும் ரதி. மன்மதன் எரிந்தபோது சிவப்பு விளக்கும் புகையும். தகனத்துக்கு ஆறு நிமிடம், ரதி தடுக்கும் கட்டத்துக்கு இரண்டே நிமிடம். கைதட்டல் பலமாக இருந்தது. யாரும் அழவில்லை.

சுருக்கியதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என்று மேடையேற்றியபோது விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கித்தான் தந்தார். வட்டக்களரியில் ஆடியதைப் படச்சட்ட மேடைக்குள் கொண்டுவந்தார். அதற்கு முன் 1956இல் சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள நாடகத்துக்குச் செய்ததை நாமும் செய்தாக வேண்டும் என்ற உந்துதல் அங்கே இருந்தது. ஆனால் வித்தியானந்தன் வெட்டும்போது எதை வைத்திருப்பது என்று யோசித்தார். இராவணேசனில் ஒரு பாத்திரத்தின் அவலம் முன்னே வந்தது. நமது மண்டபக்காரர் கதைச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு கூத்தை வெட்டிவிட்டார்கள். இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. பேராதனையின் அந்தப் புகழ்பெற்ற நாடகங்கள் மட்டக்களப்பு மரபிலே வேர்கொண்டவை. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆயினும் ரயிலேறினால் சில மணித்தியாலத்தில் வந்துவிடக்கூடிய தோட்டத்துக் கூத்துக்கு அப்படியொரு நெறியாளர் அந்நாளில் வாய்க்கவில்லை.

இனி நம்மவர் விடயம். முஸ்லிம் எழுத்தாளர் ஏட்டில் மன்மதனுக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் இருப்பார்கள். அந்த வழிபாட்டில் எனக்குப் பங்கில்லை, கம்பத்துக்கு முன்னே நான் கைகூப்பவுமில்லை. கூப்பச் சொல்லி எவரும் கேட்கவுமில்லை. நாற்காலி போட்டு, "சார், நீங்க நம்ம டீ குடிப்பீங்களா?" என்று மட்டும் தயங்கிக் கேட்டார்கள். அந்தத் தயக்கம் என்னைச் சுட்டது. பல தலைமுறையாக அவர்களுக்கு அரிசியும் சீலையும் விற்றவர்கள் நாம். என் வாப்பாவின் கடையிலிருந்துதான் ரதியின் முடிக்கு மினுங்கல் கடதாசி போகும். கடன் கொப்பியில் 'காமன்' என்று ஒரு பக்கமே இருந்தது. ஆனால் வாப்பா ஒரு நாளும் கூத்துப் பார்க்கப் போனதில்லை.

நம் இலக்கியமும் அந்தக் கடன் கொப்பியைப் போலத்தான் இருந்திருக்கிறது. கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று பெருமைப்படுகிறோம். கெய்ரோவிலிருந்து பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் அது அலைகிறது. கண்டியைச் சுற்றிக் கோப்பித் தோட்டங்கள் நோய்கண்டு அழிந்து, சனம் பட்டினி கிடந்த காலம் அது. அந்தச் சனம் நாவலில் இல்லை. தெல்தெனியாப் பக்கத்து அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவர் கண்டியைப் பாடினார். கொழுந்துக் கூடையை அவரும் பாடவில்லை. அவர்கள் காலத்துக்கு அது அவர்கள் வழி, குறை சொல்ல நான் யார்? அல் அஸூமத் போன்றவர்கள் தோட்டத்து வாழ்வை எழுதிக்காட்டிய பிறகும் நாம் பாராமுகமாக இருப்பதுதான் கேள்வி. நம் ரபான் இசைக்கும் பக்கீர் பைத்துக்கும் நேர்ந்த கதியை நினைத்தால், அடுத்த வீட்டுக் கலை எப்படிச் சாகிறது என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அதற்காகக் கூத்தைத் தலையில் தூக்கி ஆடவும் நான் ஆயத்தமில்லை. குறவன் குறத்தி கட்டத்தில் வரும் சிரிப்பு பெரும்பாலும் ஏழையைப் பார்த்து ஏழை சிரிக்கும் சிரிப்பு. இடைவெளிகளில் சினிமாப் பாட்டு ஒலிபெருக்கியில் அலறுகிறது. ரதியின் துயரத்துக்கு அழும் சனம், பெண்ணொருத்தி ரதியாக ஆட வந்தால் என்ன சொல்லும்? எல்லாவற்றையும் விட, இரவு முழுவதும் தப்படிப்பவர் இல்லாமல் கூத்தே இல்லை. விடிந்ததும் அதே மனிதர் வாசலுக்கு வெளியே நிற்கவைக்கப்பட்டதையும் பார்த்தேன். மண்டப விழாவில் பொன்னாடை போர்த்தியபோதும் மாஸ்டருக்குத்தான் கிடைத்தது. தப்புக்காரர் திரைக்குப் பின்னால் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

கூத்துப் பழக்கும் மாஸ்டர் ஒரு நாள் பாடசாலைக்கு வந்தார். கையில் பொலித்தீன் சுற்றிய கொப்பி. அவருடைய தகப்பன் எழுதியது. ஈரம் ஊறி மை பரந்திருக்கிறது, நிறுத்தக்குறி ஒன்றும் இல்லை, நடுவில் சில தாள்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. "சாருக்கு எழுத்து நல்லாருக்கு, பிரதி பண்ணித் தாங்க" என்றார். வாங்கிக்கொண்டேன். இஷாவுக்குப் பிறகு தினம் இரண்டு பக்கம் எழுதுகிறேன். எனக்குப் புரியாத சொற்களை மறுநாள் ரதியாக ஆடிய பையனிடம் கேட்கிறேன். அவன் சொல்லிக் காட்டாமல் பாடித்தான் காட்டுகிறான். ரதியின் கனவு வரைக்கும் வந்திருக்கிறேன். ஒட்டிய தாள்கள் அதற்கு அடுத்து இருக்கின்றன.