அச்சத்தின் மூன்று முகங்கள்

காலத்தின் தேவை கருதி எழுதப்பெறும் எழுத்து, அக்காலம் கடந்த பின்னும் நிலைபெறுமா என்பது திறனாய்வு கேட்க வேண்டிய முதல் வினா. அரசியல் எழுத்துக்கு இவ்வினா இன்னும் கடுமையானது. கதையிலும் கவிதையிலும் ஆசிரியரை மறந்து படைப்பைச் சுவைக்க இயலும். அரசியல் கட்டுரையிலோ, எழுதியவரின் பிற்கால வாழ்வே எழுத்துக்கு உரையாக அமைந்துவிடுகிறது. பர்மியத் தலைவி ஆங் சான் சூ கீ எழுதி 1991இல் வெளிவந்த ‘அச்சத்திலிருந்து விடுதலை’ என்னும் கட்டுரை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கத் தக்கது.

கட்டுரை பிறந்த சூழலை முதற்கண் அறிதல் வேண்டும். 1962இல் நே வின் கைப்பற்றிய ஆட்சி, நாட்டை வறுமையில் ஆழ்த்தியது. 1988 ஆகஸ்டில் மக்கள் வீதிக்கு வந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 18ஆம் நாள் படையினர் மீண்டும் நேரடியாக ஆட்சியைக் கைப்பற்றினர். ஐவருக்கு மேற்பட்டோர் கூடுதல் குற்றமென ஆணையிட்ட அதே படையாட்சி, தேர்தல் நடத்துவதாகவும் உறுதி கூறிற்று. 1989 ஜூலை 20ஆம் நாள் சூ கீ வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். தேர்தலில் நிற்கும் உரிமையும் அவருக்கு மறுக்கப்பட்டது. தலைவர்கள் சிறைப்பட்ட நிலையில், உழவர் அணியும் மூங்கில் தொப்பியைச் சின்னமாகக் கொண்டு அவருடைய தேசிய மக்களாட்சிக் கழகம் தேர்தலைச் சந்தித்தது.

1990 மே 27ஆம் நாள் 485 தொகுதிகளில் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. கழகம் 392 இடங்களை வென்றது. படையினரின் ஆதரவு பெற்ற தேசிய ஒற்றுமைக் கட்சிக்குக் கிட்டியவை 10 இடங்களே. எனினும் ஆட்சி கைமாறவில்லை. ஜூலை 27ஆம் நாள் வெளியிட்ட அறிவிப்பில், தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பணி அரசமைப்புச் சட்டம் வரைதலே எனப் படையாட்சி பொருள் கூறியது. தேர்தலின் பொருள், தேர்தல் முடிந்தபின் மாற்றி எழுதப்பட்டது.

ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சகாரோவ் பரிசு அவருக்கு வழங்கப்பெற்ற வேளையில் இக்கட்டுரை உலகுக்கு வெளியாயிற்று. மனித உரிமைச் சாசனத்தை அது எடுத்துப் பேசினாலும், அதன் உயிர்நிலை ஒரு பௌத்தச் சொல்லில் அமைந்துள்ளது. பாலி மொழி வழியே பர்மியத்தில் வழங்கும் ‘அகதி’ என்பதே அச்சொல். நெறி தவறிய போக்கு என்பது அதன் பொருள். ஆசையால் தவறுவது, பகையால் தவறுவது, அறியாமையால் தவறுவது, அச்சத்தால் தவறுவது என அது நால்வகைப்படும். அவற்றுள் அச்சத்தால் விளைவதே கொடியது என்றும், ஏனைய மூன்றற்கும் வேராக நிற்பதும் அதுவே என்றும் ஆசிரியர் நிறுவுகின்றார். அயல்நாட்டு அரசியல் நூல்களினின்று இரவல் பெறாமல், தம் மக்கள் நாவில் பழகிய அறச்சொல்லைக் கொண்டே கொடுங்கோன்மையை அளந்தமை இக்கட்டுரையின் தலையாய சிறப்பாகும்.

இக்கருத்தோட்டத்திற்குத் தமிழ் மரபில் உறவு உண்டு. ஆள்வோன் குடிகளை அஞ்சச் செய்தலாகாது என்பதற்கென்றே வள்ளுவர் ‘வெருவந்த செய்யாமை’ என்னும் அதிகாரம் வகுத்தார். ஒருவரைத் தேர்ந்து தெளிவதற்கு அவர் கூறும் நால்வகைச் சோதனைகளுள், உயிரைப் பற்றிய அச்சமும் ஒன்று. வள்ளுவர் பெரும்பாலும் அரசனை நோக்கிப் பேசுகின்றார். சூ கீ அரசனை நோக்கியும் குடிகளை நோக்கியும் ஒருங்கே பேசுகின்றார். ஆளப்படுவோன் ஆயுதத்தை அஞ்சுகின்றான். ஆள்வோன் ஆட்சி பறிபோகுமோ என அஞ்சுகின்றான். ஒருவன் அச்சம் மற்றவன் அச்சத்தை வளர்க்கிறது.

1990ஆம் ஆண்டுத் தேர்தல் இவ்விரு அச்சங்களையும் மெய்ப்பித்துக் காட்டியது. வாக்குச்சாவடியின் மறைவில் குடிமகன் தன் அச்சத்தைக் களைந்தான். அவன் களைந்ததைக் கண்டு அரசு அஞ்சிற்று. அன்றாடம் பழகிப் பெறுவதே துணிவு என்று கட்டுரை கூறுவது, அத்தேர்தலை நினைந்து படிப்போர்க்கு வெற்றுரையாகத் தோன்றாது.

எனினும், குறையொன்றும் உண்டு. அச்சத்தின் மூன்றாவது முகத்தை இக்கட்டுரை காணவில்லை. வாக்கால் வென்றவர், வாக்களித்த பெரும்பான்மையை அஞ்சும் அச்சமே அது. 1990இல் ரோகிங்கியா மக்களும் வாக்களித்தனர். கழகம் பெருவெற்றி பெற்ற 2015ஆம் ஆண்டுத் தேர்தலிலோ, அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு அன்றைய அரசு வாக்குரிமையை மறுத்தது. கழகமும் அத்தேர்தலில் முஸ்லிம் வேட்பாளர் ஒருவரையேனும் நிறுத்தவில்லை. கழகம் ஆண்ட காலத்தில் நடந்த 2020ஆம் ஆண்டுத் தேர்தலிலும் ரோகிங்கியரின் நிலை மாறவில்லை. இடையில், 2017இல் படையினரின் கொடுமைக்குத் தப்பி 7 இலட்சத்திற்கும் மேற்பட்ட ரோகிங்கியர் வங்காளதேசம் புகுந்தனர். 2019 டிசம்பரில் ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றத்தில் சூ கீ தாமே நின்று, இனப்படுகொலைக் குற்றச்சாட்டை மறுத்துரைத்தார்.

2008ஆம் ஆண்டு அரசமைப்பின்படி நாடாளுமன்ற இடங்களில் காற்பங்கும், பாதுகாப்பு, உள்துறை, எல்லை அமைச்சுகளும் படையினர் கையில் இருந்தன என்பர் அவருக்காக வாதிடுவோர். அது மெய்யே. ஆயினும் வேட்பாளர் பட்டியலைப் படையினர் எழுதவில்லை. ஹேக் நகருக்கு அவரே செல்ல வேண்டுமென அரசமைப்பு கட்டளையிடவும் இல்லை. அவரை வழிநடத்தியது அச்சமா, பற்றா, அரசியற் கணக்கா என்பதை ஆராயத் தேவையில்லை. எதுவாயினும் அவர் வகுத்த நான்கனுள் ஒன்றில் அது அடங்கும். எழுதியவர்க்கு எதிராகத் தீர்ப்பு வழங்கும் சட்டத்தை அவர் எழுத்தே தன்னகத்துக் கொண்டுள்ளது.

ஈண்டுத் தமிழ் வாசகர்க்கு ஒன்று தெற்றெனப் புலப்படும். அதே ‘அகதி’ என்னும் சொல்லுக்குத் தமிழில் புகலற்றவன் என்பது பொருள். பாலியில் நெறி தவறியவனின் செயலைக் குறிப்பது, தமிழில் அச்செயலால் வீடிழந்தவனைக் குறிக்கின்றது. 1960களில் வணிகம் நாட்டுடைமையாக்கப்பட்டபோது பர்மாவினின்று வெறுங்கையராய்க் கப்பலேறிய தமிழர் இவ்விரண்டாம் பொருளை அறிவர். சென்னையின் பர்மா பஜார் அவர்தம் நினைவைத் தாங்கி நிற்கின்றது. மலேசிய மண்ணில் இன்று தஞ்சம் கொண்டுள்ள ரோகிங்கியரும் அப்பொருளை அறிந்தவரே. சூ கீயின் கட்டுரை முதற்பொருளை ஆழ்ந்து ஆராய்ந்தது. இரண்டாம் பொருளைத் தொடாமலே நின்றுவிட்டது.

அதனால் கட்டுரை பழுதுபட்டதெனத் தள்ளுதல் முறையாகுமா? ஆகாது. 2020ஆம் ஆண்டுத் தேர்தலில் கழகம் மீண்டும் பெருவெற்றி பெற்றது. வாக்காளர் பட்டியலில் மோசடி என்று கூறி, 2021 பிப்ரவரி 1ஆம் நாள் படையினர் ஆட்சியைப் பறித்தனர்; சூ கீ மீண்டும் சிறைப்பட்டார். 2023இல் கழகம் கலைக்கப்பட்டது. கழகத்தின் பெயரே இடம்பெறாத நிலையில் 2025 டிசம்பர் 28ஆம் நாள் புதிய தேர்தல் தொடங்கிற்று. 1990இல் வாக்குகளை எண்ணிய பின் முடிவைப் புறக்கணித்தவர்கள், இம்முறை எண்ணுவதற்கு முன்னரே முடிவை வரையறுத்துக் கொண்டனர். ஆட்சியாளரின் அச்சம் முப்பத்தைந்து ஆண்டுகளில் குறையவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. அதனை விளக்க இக்கட்டுரை இன்றும் உதவுகின்றது.

ஆசிரியரைப் போற்றுவோர் இதனைப் போற்றிப் பாடமாகப் படித்தனர். அவரை வெறுத்தோர் நூலையும் மூடி வைத்தனர். இரண்டும் திறனாய்வு நெறி ஆகா. எழுதியவரையும் விலக்காமல் அளக்கும் கோலாக இதனைக் கொள்வதே இக்கட்டுரைக்குச் செய்யும் நீதி. வென்றவர் யார் என்று வினவுவதோடு, வாக்களிக்க விடப்படாதவர் யார் என்றும் வினவும் வாசகரிடத்தே, ஆசிரியர் எழுதாது விட்ட பகுதி நிறைவு பெறும்.