10.28 ஏன் தவறு?

போன மார்ச்சில் ஒரு கல்லூரியில் சிறந்த இணையவழி அறிவியல் பாடத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் (எல்.எம்.எஸ்.) அமைத்த ஓர் இயற்பியல் பாடத்துக்குப் பரிசு போயிற்று. ஒவ்வொரு அலகிலும் ஒரு காணொளி, படிக்க ஒரு பக்கம், ஒரு சிமுலேஷன், கடைசியில் வினாடி வினா. சேர்ந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் முடித்துவிட்டார்கள் என்பதையே குழுவில் பெரும்பாலோர் முதல் தகுதியாகச் சொன்னார்கள். "இதுக்கு மேல ஒரு பாடத்துல என்ன சார் எதிர்பார்க்கிறீங்க?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நேரமில்லாமல் அன்று பாதியில் விட்ட பதிலை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

இந்த முறையின் நன்மைகளை மறுப்பது நியாயமாகாது. வகுப்பில் புரியாததைக் கேட்கக் கூச்சப்படும் பிள்ளை, காணொளியை நாலு தடவை ஓட்டிப் பார்க்கிறது. மூடிலின் கால்குலேட்டட் வகைக் கேள்வியில் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எண்கள் வருவதால் பக்கத்துப் பையனின் விடை உதவாது. கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் சிமுலேஷன்கள், கரும்பலகையில் காட்ட முடியாத எத்தனையோ விஷயங்களைக் கண்முன் நிறுத்துகின்றன. 2017இல் ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளம் வந்த பிறகு, ஐ.ஐ.டி. பேராசிரியர் ஒருவரின் வகுப்பு எந்தச் சிற்றூருக்கும் எட்டும் என்றாகிவிட்டது. பக்கத்தைத் திறந்தாலே 'முடித்தாயிற்று' என்று டிக் விழுவது குறைதான். ஆனால் அது அமைப்புப் பக்கத்தில் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய குறை.

என் மனக்குறை வேறு. பல வருடங்களாக இருப்பது, அன்று கண்ணெதிரே நிரூபணமானது.

பரிசு பெற்ற பாடத்தில் வீட்டிலேயே தனி ஊசல் செய்யும் ஒரு பயிற்சி இருந்தது. நூலில் கனமான ஒரு பொருளைக் கட்டித் தொங்கவிட வேண்டும், நீளத்தை அளக்க வேண்டும், 20 அலைவுகளுக்கான நேரத்தைப் போனில் குறிக்க வேண்டும், புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டுக் கட்டத்தில் எழுத வேண்டும். நல்ல யோசனை. ஆசிரியர் விடையை 9.8 என்றும் பிழை வரம்பை 0.1 என்றும் கொடுத்திருந்தார். ஒரு மாணவியின் பதிவைப் பெயரை மறைத்து எங்களுக்குக் காட்டினார்கள். முதல் முயற்சியில் அவள் எழுதியது 10.28. சிவப்புப் பெருக்கல் குறி. இரண்டாம் முயற்சியில் 9.8. பச்சை டிக். இரண்டுக்கும் இடையே 25 நொடி. ஒரு மீட்டர் ஊசல் 20 முறை ஆடி முடிக்கவே 40 நொடி ஆகும்.

அவள் மறுபடி ஊசலை ஆட்டவில்லை. எண்ணை மாற்றினாள். அதற்குத்தான் மதிப்பெண் விழுந்தது.

அந்தப் பயிற்சிக்கு ஒரு புகைப்படமும் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினாலே முழு மதிப்பெண் என்பதால் யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. நான் திறந்தேன். நிலைப்படி ஆணியில் நூல், நுனியில் ஒரு சாவிக்கொத்து, பக்கத்தில் டேப். டேப்பின் 100 செ.மீ. கோடு சாவிகளின் அடிநுனியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஊசலின் நீளத்தைத் தொங்கும் பொருளின் நிறைமையம் வரைதான் எடுக்க வேண்டும். கொத்து சுமார் 10 செ.மீ. இருக்கும் என்று வைத்து, பாதியான 5 செ.மீ.யைக் கழித்தேன். அவள் குறித்திருந்த நேரம் 39.2 நொடி. 95 செ.மீ.க்குக் கணக்குப் போட்டால் 9.76 வருகிறது. சென்னையில் உண்மையான மதிப்பு 9.78. பிள்ளையின் கை அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறது! நீளத்தை எதுவரை அளந்தாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் நிறைமையம் என்றால் என்னவென்று அவள் ஆயுளுக்கும் மறந்திருக்க மாட்டாள். அந்தக் கேள்விக்கு அந்தப் பாடத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

ராலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்த கதையை இயற்பியல் ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், வேதிச் சேர்மங்களிலிருந்து எடுத்ததைவிட அரை சதவீதம் கனமாக இருந்தது. அவர் அதை விடவில்லை. 1894இல் அவரும் வேதியியலாளர் ராம்சேயும், அந்தக் காற்றில் மறைந்திருந்த ஆர்கான் வாயுவைக் கண்டறிந்ததாக அறிவித்தார்கள். 1904இல் இருவருக்கும் நோபல் பரிசு, அவருக்கு இயற்பியலில், ராம்சேக்கு வேதியியலில். பிழை வரம்பு ஒரு சதவீதம் என்று வைத்த வினாடி வினாவில் ராலேயின் இரண்டு எண்களுக்குமே பச்சை டிக் விழுந்திருக்கும்.

ரீடிங்கை மாற்றி எழுதும் பழக்கம் எல்.எம்.எஸ். வந்த பிறகு முளைத்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ரெக்கார்டு நோட்டில் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் நிரப்பாத தலைமுறை நம்மிடம் கிடையாது. ஆனால் லேபில் மேசையருகே ஓர் ஆசிரியர் நடந்துகொண்டிருப்பார். "எப்படிம்மா எல்லா ரீடிங்கும் இவ்வளவு அழகா வருது?" என்று கேட்க ஒரு வாய் இருந்தது. இங்கே அந்த வாயையும் எடுத்துவிட்டு, திருட்டுத்தனத்துக்கு உடனடி மதிப்பெண்ணும் கொடுக்கிறோம்.

60 பேருக்கு ஓர் ஆசிரியர், யார் திருத்துவது என்பார்கள். நியாயமான கேள்வி, பதிலும் அதே மூடிலில் இருக்கிறது. டேட்டாபேஸ் என்ற செயல்பாட்டில் 60 பேரும் தங்கள் நீளத்தையும் நேரத்தையும் பதிந்தால் வகுப்பு முழுவதன் எண்களும் ஒரே பட்டியலாகக் கிடைக்கும். 9.3இலிருந்து 10.4 வரை அவை சிதறிக் கிடப்பதைப் பார்த்தாலே பிழை என்றால் என்னவென்று பாதி விளங்கிவிடும். வொர்க்‌ஷாப் என்ற செயல்பாட்டில் மாணவர்களே ஒருவர் வேலையை ஒருவர் மதிப்பிடலாம். சாவிக்கொத்தின் அடியில் டேப் இருப்பதை இன்னொரு மாணவன் கண்டுபிடித்துச் சொல்லியிருப்பான். கருவியில் வசதி இருந்தும் வினாடி வினாவையே பிடித்துக்கொண்டிருப்பது நம் பழக்கம். அதைத்தான் அன்று பரிசு கொடுத்துக் கௌரவித்தோம். என் ஓட்டு அதற்கு விழவில்லை. அளந்ததை அழித்து அச்சிட்டதை எழுதப் பழக்கும் ஒன்றை அறிவியல் பாடம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூனில் புதிய பாடம் அமைக்கப்போகிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடைக் கட்டத்தில் 9.8 என்று எழுதும் முன் ஒரு நூலையும் சாவிக்கொத்தையும் எடுத்து நீங்களே ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். உங்களுக்கு என்ன எண் வந்ததோ, அதைப் பாடத்தின் முதல் பக்கத்தில் போடுங்கள்.