கரகோஷமும் சமத்துவமும்

'கலை கலைக்காகவே' என்று முழங்குவோரை நாம் நன்கு அறிவோம். அவர்களோடு உடன்பிறந்த இன்னொரு கூட்டத்தாரும் உளர். 'விளையாட்டு விளையாட்டுக்காகவே, அதில் அரசியலைக் கலவாதீர்' என்பது அவர்களது மந்திரம். மறுபுறத்திலே, நம்மைச் சார்ந்த நண்பர்கள் சிலர், பல்லாயிரவர் கூடும் பந்தயத் திடலை மக்களை மயக்கும் வெறும் அபின் என்று கூறி விலகிச் செல்கின்றனர். முன்னவர் ஆராய மறுக்கின்றனர். பின்னவர் ஆராய்வதற்கு அங்கே எதுவும் இல்லை என்கின்றனர். இரு சாராரும் வந்து சேரும் இடம் ஒன்றேயாம்.

இவ்விரு சாராருக்கும் ஒருசேர மறுமொழி கூறிய நூலொன்று 1963 இல் லண்டனில் வெளியாயிற்று. திரினிடாட் தீவைச் சேர்ந்த மார்க்சிய அறிஞர் சீ. எல். ஆர். ஜேம்ஸ் எழுதிய அந்நூலின் பெயர் 'பியோண்ட் எ பவுண்டரி'. 'எல்லைக்கோட்டுக்கு அப்பால்' எனத் தமிழிற் கூறலாம். ஹெயிட்டித் தீவின் அடிமைகள் நடத்திய புரட்சியின் வரலாற்றை 1938 இல் எழுதியவரும் இவரே. அவரது கிரிக்கெட் நூல், மேற்கிந்தியத் தீவுகளின் அணி 1960-61 இல் அவுஸ்திரேலியாவில் மேற்கொண்ட சுற்றுப்பயணத்தில் வந்து முடிகின்றது. நூல் நெடுகிலும் தாம் தேடிய விடையை அப்பயணத்திலே கண்டுவிட்டதாக ஜேம்ஸ் கருதினார். அவ்விடை எவ்வளவு தூரம் முழுமையானது என்பதை ஆராய்வதே நமது நோக்கமாகும்.

நூலின் வலிமையை முதலிற் கூறுதல் முறை. திரினிடாட்டின் கிரிக்கெட் கழகங்களைப் பற்றிய அத்தியாயம், சமூகத்தைக் கற்கும் மாணவர் எவரும் படிக்கவேண்டிய ஒன்று. குயீன்ஸ் பார்க் கழகம் வெள்ளைச் செல்வருக்கு. ஷாம்ரொக் கழகம் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு. மேப்பிள் மாநிறங் கொண்ட மத்தியதர வர்க்கத்தாருக்கு. ஷானன் கறுப்பு நிறக் கீழ்மத்தியதர வர்க்கத்தாருக்கு. ஸ்டிங்கோ உழைத்துண்ணும் கறுப்பு மக்களுக்கு. தோலின் நிறமும் சட்டைப்பையின் கனமும் எவ்வாறு ஒன்றையொன்று தழுவி நின்றன என்பதைப் புள்ளிவிபரம் எதுவுமின்றியே ஜேம்ஸ் காட்டிவிடுகிறார். தாம் ஷானனை விடுத்து மேப்பிளிற் சேர்ந்ததையும், அத்தெரிவு தம்மைப் பொதுமக்களிடமிருந்து பிரித்துத் தமது அரசியல் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் பின்தள்ளியதையும் அவரே ஒளிக்காமற் கூறுகிறார். சிங்கள விளையாட்டுக் கழகம், தமிழ் யூனியன், பறங்கியர் கழகம், சோனகர் கழகம் எனப் பெயர்ப்பலகையிலேயே இனத்தைப் பொறித்து வைத்த கொழும்பு நகரை அறிந்த நமக்கு இந்த அத்தியாயம் அந்நியமானதன்று.

கழகங்களில் நிலவிய இவ்வொழுங்கின் உச்சியில் இருந்தது அணித்தலைமை. மேற்கிந்திய அணி தனது முதலாவது டெஸ்ட் போட்டியை 1928 இல் ஆடியது. அன்று தொட்டு 1960 வரை அதன் தலைவர்களாக வந்தோர் வெள்ளையரோ, வெள்ளையராக மதிக்கப்பட்டோரோ ஆவர். ஜோர்ஜ் ஹெட்லி என்ற மாபெரும் கறுப்புத் துடுப்பாட்ட வீரருக்குக் கிட்டியது 1948 இல் ஒரேயொரு டெஸ்ட் போட்டியின் தலைமை மட்டுமே. கறுப்பன் பந்து வீசலாம், ஓட்டங்களைக் குவிக்கலாம், ஆனால் கட்டளையிடல் ஆகாது. இது கரும்புத் தோட்டத்தின் சட்டம். கங்காணி வரை உயரலாம், துரையாக முடியாது என்ற நமது மலைநாட்டுச் சட்டத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

1958 இல் தாயகம் திரும்பிய ஜேம்ஸ், மக்கள் தேசிய இயக்கத்தின் ஏடாகிய 'த நேஷன்' பத்திரிகையின் ஆசிரியரானார். அலெக்சாந்தர் விலக வேண்டும், வொறெல் தலைமை ஏற்க வேண்டும் என்ற கிளர்ச்சியை அப்பத்திரிகையில் அவர் இடையறாது நடத்தினார். 1960 ஜனவரியில் போர்ட் ஒப் ஸ்பெயின் திடலில் இங்கிலாந்து அணியுடன் போட்டி நடந்தபொழுது, சரண் சிங் என்ற உள்ளூர் வீரர் 'ரன் அவுட்' ஆனதும் கூட்டத்தினர் போத்தல்களை வீசினர். கனவான்கள் இதனைக் காடைத்தனம் என்றனர். ஜேம்ஸ் அவ்வாறு கூறிக் கைகழுவவில்லை. தலைமுறை தலைமுறையாக ஏமாற்றப்பட்டோர், அதிகாரத்தில் உள்ளோர் தமது வீரரைக் கீழறுப்பார்கள் என்றே எந்நேரமும் ஐயுறுவர். அந்த ஐயமே அன்று போத்தலாகப் பறந்தது என்று விளக்கினார். நிகழ்ச்சியின் மேற்பரப்பை நீக்கி அதன் வேரைக் காட்டும் இம்முறையே சிறந்த விமர்சனத்தின் முறையாகும். அவ்வாண்டின் இறுதியில் புறப்பட்ட அணிக்கு பிராங்க் வொறெல் தலைவரானார். முழுத் தொடர் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதலாவது கறுப்பர் அவரே.

1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் நடந்த முதலாவது டெஸ்ட் போட்டியை இன்றும் பேசாதார் இலர். எட்டுப் பந்துகள் கொண்ட கடைசி ஓவரில் அவுஸ்திரேலியாவுக்கு வேண்டியவை ஆறு ஓட்டங்கள். எஞ்சியவை மூன்று விக்கெட்டுகள். வெஸ் ஹோல் வீசிய அந்த ஓவரில் மூன்று விக்கெட்டுகளும் சரிந்தன. ஏழாவது பந்தில், ஒற்றை விக்கெட் குச்சியே கண்ணுக்குத் தெரியும் கோணத்திலிருந்து ஜோ சொலமன் எறிந்த பந்து குறி தவறாது சென்று வீழ்த்த, ஆட்டம் சமநிலையில் முடிந்தது. 1877 இல் தொடங்கிய டெஸ்ட் வரலாற்றில் அதுவே முதலாவது சமநிலை. பின்னர் மெல்பேர்ணில் அவுஸ்திரேலியாவும் சிட்னியில் மேற்கிந்தியரும் வென்றனர். அடிலெயிட்டில் றோகன் கன்ஹாய் இரண்டு இனிங்ஸிலும் சதமடித்தார். ஆயினும் அவுஸ்திரேலியாவின் கடைசி இருவர் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாக நின்று தோல்வியைத் தவிர்த்தனர். மெல்பேர்ணில் நடந்த இறுதிப் போட்டியை அவுஸ்திரேலியா இரண்டு விக்கெட்டுகளால் வென்று, தொடரை 2-1 எனக் கைப்பற்றியது.

தோற்ற அணியே வென்ற அணியாகப் போற்றப்பட்டமைக்குக் காரணம் என்ன? பார்படோஸ், ஜமெய்க்கா, திரினிடாட், கயானா என்று பிரிந்து கிடந்தவர்களை வொறெல் ஓரணியாக்கினார். எவர் நீக்கப்பட வேண்டும் என ஜேம்ஸ் எழுதினாரோ அந்த ஜெரி அலெக்சாந்தர், வொறெலின் கீழ் உபதலைவராகவும் விக்கெட் காப்பாளராகவும் சென்று, சிட்னியில் சதமடித்துத் தொடர் முழுவதும் 484 ஓட்டங்கள் பெற்றார். ஆகவே, போராட்டம் தனிமனிதர் ஒருவரை எதிர்த்ததன்று; தகுதியைத் தோலால் அளந்த அமைப்பை எதிர்த்தது என்பது ஆடுகளத்திலேயே நிரூபணமாயிற்று. 1958 இல் தோன்றிய மேற்கிந்தியக் கூட்டாட்சி 1962 இல் உடைந்தது. அரசியல்வாதிகளால் கட்டிக்காக்க முடியாத ஒற்றுமையைக் கிரிக்கெட் அணி காத்து நின்றது.

1961 பெப்ரவரியில் மெல்பேர்ண் திடலில் ஒரே நாளில் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். அணி விடைபெற்றபோது வீரர்கள் திறந்த கார்களில் நகர வீதிகளிற் செல்ல, பெருந்திரளான மக்கள் இருமருங்கும் நின்று ஆரவாரித்தனர். பிரிஸ்பேனில் ஆடிய பந்தைப் பதித்து வொறெலின் பெயராலேயே வெற்றிக் கேடயம் ஒன்றும் உருவாக்கப்பட்டது. தன் மக்கள் உலகச் சமுதாயத்திற் சமமாக அடியெடுத்து வைத்த கணமாக இக்காட்சியைக் கண்டு ஜேம்ஸ் நூலை முடிக்கிறார்.

இங்கேதான் நாம் அவரிடமிருந்து வேறுபடுகின்றோம். அந்த ஆரவாரம் பொய்யானது என்பதன்று நமது கூற்று. அது உண்மையானது, ஆனால் போதுமானதன்று. ஆரவாரித்த நாடு எது? 1901 இல் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றி, 'வெள்ளை அவுஸ்திரேலியா' என்ற கொள்கையை 1973 வரை முற்றாகக் கைவிடாதிருந்த நாடு. அடுத்த பருவத்திலே ஹோல் குயீன்ஸ்லாந்துக்கும், சோபர்ஸ் தென் அவுஸ்திரேலியாவுக்கும், கன்ஹாய் மேற்கு அவுஸ்திரேலியாவுக்கும் ஆட அழைக்கப்பட்டனர். பந்து வீசுங் கைக்குக் கதவு சிறிது காலம் திறந்தது. அதே நிறமுடைய தச்சனோ தாதியோ குடியேற விரும்பித் தட்டியிருந்தால் அக்கதவு திறந்திருக்குமா? மேதையை விலக்காக ஏற்று, மக்களை விதியாக விலக்குதல் நிறவெறியின் மிக நாகரிகமான வடிவமாகும்.

இன்னும் ஆழமாக நோக்குவோம். அவுஸ்திரேலியாவிலிருந்து முதன்முதல் இங்கிலாந்து சென்று ஆடிய அணி 1868 இற் சென்ற ஆதிவாசிகளின் அணியே. அவர்கள் 47 ஆட்டங்கள் ஆடி 14 இல் வென்று 14 இல் தோற்றனர். மறு ஆண்டே விக்டோரியாவில் இயற்றப்பட்ட ஆதிவாசிகள் 'பாதுகாப்பு'ச் சட்டம், அரசின் அனுமதியின்றி அவர்கள் நடமாடுவதையே தடுத்தது. 1931 இல் பிரிஸ்பேனில் பிராட்மனை ஓட்டமெதுவுமின்றி வெளியேற்றிய எடி கில்பேர்ட் என்ற ஆதிவாசிப் பந்துவீச்சாளர் நாட்டின் அணிக்கு ஒருபோதும் தெரிவாகவில்லை. ஆதிவாசிகளைக் குடிசன மதிப்பிற் சேர்க்கலாகாது என்ற அரசியலமைப்பு விதி 1967 இலேயே நீங்கிற்று. வொறெலை வாழ்த்திய நகரம், தன் சொந்த மண்ணின் கறுத்த மக்களைக் கணக்கிலும் எடுக்காத நாட்டின் நகரமாகும். ஜேம்ஸின் இறுதிப் பக்கங்களில் இந்த நிழல் விழவில்லை.

மற்றொரு மௌனமும் உண்டு. பிரிஸ்பேனில் குறிபார்த்து எறிந்த சொலமனும், அடிலெயிட்டில் இரட்டைச் சதமடித்த கன்ஹாயும் கயானாவின் போர்ட் மூரண்ட் கரும்புத் தோட்டத்து மைந்தர்கள். ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்டோரின் வழிவந்தவர்கள். 1953 இல் மக்களால் தெரிவு செய்யப்பட்டும் பிரித்தானியரால் மாதங்களுக்குள் பதவி நீக்கப்பட்ட செட்டி ஜகன் பிறந்ததும் அத்தோட்டத்திலேதான். ஆனால் 'எல்லைக்கோட்டுக்கு அப்பால்' நூலில் இம்மக்களின் வரலாறு ஓரத்திலேயே நிற்கிறது. 1966 இல் கன்ஹாயைப் பற்றி ஜேம்ஸ் தனிக் கட்டுரை எழுதியமை அக்குறையைச் சிறிது ஈடுசெய்தது. தேயிலைத் தோட்டத்து லயங்களை அறிந்த நம்மைப் போன்றோர் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டாதிருத்தல் தகாது.

வரலாறு அதன்பின் எழுதிய அத்தியாயம் ஜேம்ஸ் எழுதியதைவிடக் கடுமையானது. 1965 இல் அவுஸ்திரேலிய அணி மேற்கிந்தியத் தீவுகளுக்கு வந்தது. வொறெல் கேடயத்தை மேற்கிந்தியர் முதன்முறையாக வென்றனர். அவ்வேளை திரினிடாட்டில் கரும்புத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய, பிரதமர் எரிக் வில்லியம்ஸ் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தார். கிரிக்கெட் நிருபராகத் தாயகம் வந்திருந்த ஜேம்ஸ் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். வில்லியம்ஸோ அவரது முன்னாள் மாணவரும் தோழரும் ஆவார்! திடலிலே தேசம் வென்றது. தோட்டத்திலே தேசத்தின் உழைப்பாளர் ஒடுக்கப்பட்டனர். இரண்டையும் இணைத்துக் காட்டக் கூடியவரோ அடைத்து வைக்கப்பட்டார். தலைமையின் நிறம் மாறுவது வேண்டற்பாலதே. அதற்காகப் போராடியதும் சரியே. ஆயின் நிறம் மாறியவுடன் உறவுகள் மாறிவிடுவதில்லை.

இவ்வளவு குறை கூறியும் இந்நூலைப் படியுங்கள் என்றே மாணவரையும் ஆசிரியரையும் வேண்டுகின்றோம். ஏனெனில், இக்குறைகளைக் காண்பதற்கான கண்ணை நமக்குத் தந்ததும் ஜேம்ஸே. எவர் ஆடுகிறார், எவர் தலைமை தாங்குகிறார், எவர் வேலிக்கு வெளியே நிற்கிறார் என்று கேட்கக் கற்பித்தவர் அவர். அவர் மெல்பேர்ண் வீதியில் நிறுத்திய கேள்வியை நாம் அவ்வீதிக்கு அப்பாலும் எடுத்துச் செல்லவேண்டும். யாழ்ப்பாணத்துக் கல்லூரித் திடலாயினும், கொழும்புக் கழகத் திடலாயினும், தொலைக்காட்சி நிறுவனங்கள் கோடிகளுக்கு ஏலமெடுக்கும் இன்றைய சர்வதேசத் திடலாயினும் கேள்வி ஒன்றே: கைதட்டல் ஓய்ந்து வாயிற்கதவு சாத்தப்படும்போது, ஆடியவரின் மக்கள் எந்தப் பக்கத்தில் நிற்கின்றனர்?