சாவி யாரிடம்? செருகுநிரல் அனிமேஷன்: ஒரு திறனாய்வு

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் சில இன்று தங்கும் விடுதிகளாகிவிட்டன. 2014-ல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபிடத் தற்காலிகப் பட்டியலிலும் ஏறின. பள்ளத்தூரில் இரண்டு நாள் தங்க நினைக்கும் வெளிநாட்டுக்காரரோ, கோலாலம்பூரில் பிறந்து அப்பத்தாவின் ஊரைப் பார்க்க ஆசைப்படும் பேத்தியோ அந்த வீட்டை முதலில் பார்ப்பது கைபேசித் திரையில்தான். எனவே தளம் அமைப்பவர்களுக்கு ஓர் ஆசை வருகிறது: வீடு திரையில் அசைய வேண்டும். நிலைக்கதவு இரண்டாகத் திறக்க வேண்டும். முகப்பைத் தாண்டி உள்முற்றமான வளவு விரிய வேண்டும். ஆத்தங்குடிக் கல்லில் பூக்கள் ஒவ்வொன்றாக மலர வேண்டும்.

ஆசை நியாயமானது. முடிவு செய்ய வேண்டியது அந்த அசைவை எதன்மேல் ஏற்றுவது என்பதைத்தான். பிரவுசர் தன் சொந்தத் திறனால் காட்டும்படி அமைக்கலாம். வேறொரு நிறுவனம் எழுதித் தரும் செருகுநிரலை, பேச்சுவழக்கில் பிளகின் என்கிறோமே அதை, நம்பியும் அமைக்கலாம். இரண்டாவது வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தொடக்கமும் முடிவும் உள்ள முழு வரலாறு ஒன்று இருக்கிறது. அது ஃபிளாஷின் வரலாறு.

ஃபிளாஷ், 1996-ல் ஃபியூச்சர்வேவ் என்ற சிறு நிறுவனத்தின் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டராகப் பிறந்தது. அதை வாங்கிய மேக்ரோமீடியா பெயரைச் சுருக்கியது. 2005 டிசம்பரில் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது. ஃபிளாஷ் பிறந்த காலத்துப் பிரவுசருக்கு எழுத்தையும் அசையாத படத்தையும் அடுக்கத் தெரியும். மிஞ்சினால் ஜிஃப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டத் தெரியும். ஃபிளாஷ் கோடுகளையும் வளைவுகளையும் கணக்காகச் சேமித்தது. அதனால் டயல்-அப் இணைப்பில்கூட இறங்கும் அளவுக்குக் கோப்பு சிறிதாக இருந்தது. எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் படம் உடையவில்லை. ஒலியைச் சேர்க்க முடிந்தது, பொத்தானை அழுத்தினால் பதில் சொல்ல வைக்கவும் முடிந்தது.

இதன் முதல் நன்மையைக் கறாரான விமர்சகர்கள்கூட மறுக்க முடியாது. நிரல் எழுதத் தெரியாத ஓவியர்களை அது இணையத்துக்குள் கொண்டுவந்தது. திரையில் வரைந்து, காலக்கோட்டில் இழுத்து வைத்தால் படம் ஓடும். தமிழ்நாட்டில் 2000-களின் முதற்பாதியில் திரைப்படங்களின் தளங்களும் பட்டுக்கடை, நகைக்கடைத் தளங்களும் ஃபிளாஷ் முகப்போடு வந்ததற்கு இந்த எளிமை ஒரு முக்கியக் காரணம். பிரவுசருக்குப் பிரவுசர் பக்கம் வேறு வேறாகத் தெரிந்த காலத்தில், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரியும் என்ற உறுதியையும் அது தந்தது. 2005-ல் தொடங்கிய யூடியூப் வீடியோக்களை ஓட்டியதும் ஃபிளாஷில்தான். பிரவுசருக்குள் வீடியோ ஓடுவது சாதாரண விஷயமானதில் அந்தச் செருகுநிரலுக்குப் பெரும் பங்கு உண்டு.

இரண்டாவது நன்மை கல்வியில். அலையின் குறுக்கீட்டையோ மின்சுற்றில் ஓடும் மின்னோட்டத்தையோ கரும்பலகையில் வரைவது கடினம். அங்கே அசைவு அலங்காரமாக ஒட்டிக்கொண்டதில்லை, பாடமே அதுதான். இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் மாதிரிகள் ஜாவாவிலும் ஃபிளாஷிலும் எழுதப்பட்டன. அவற்றில் பல பின்னால் தமிழிலும் கிடைத்தன. இந்தியாவில் மத்திய அரசின் நிதியில் ஐஐடிகளும் அமிர்தா போன்ற பல்கலைக்கழகங்களும் உருவாக்கிய மெய்நிகர் ஆய்வகங்களிலும் ஃபிளாஷ் சோதனைகள் ஏராளம். ஆய்வகக் கருவிக்கு வரிசையில் நிற்க வேண்டிய ஊர்ப்புறக் கல்லூரி மாணவிக்கு அவை பெரிய உதவி.

குறை, அது எப்படி வேலை செய்தது என்பதிலேயே இருந்தது. செருகுநிரல் ஓட வேண்டிய இடத்தில் பிரவுசர் ஒரு செவ்வகத்தைக் காலியாக விட்டுவிடும். அதற்குள் என்ன நடக்கிறது என்பது பிரவுசருக்குத் தெரியாது. பக்கத்துக்குள் சொல்லைத் தேடினால் கிடைக்காது. பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் தளத்தைவிட்டே வெளியே தள்ளும். கண் தெரியாதவரின் திரைவாசிப்பான் பெரும்பாலும் ஊமையாகிவிடும். பயன்பாட்டு வல்லுநர் யாகோப் நீல்சன் 2000 அக்டோபரிலேயே, ஃபிளாஷ் பயன்படும் விதத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தீமை என்று தலைப்பிட்டு எழுதினார். விகிதம் மிகை. ஆனால் அவர் சுட்டிய நோய் உண்மை: வாசகர் விவரம் தேடி வருகிறார், தளமோ அவரை உட்காரவைத்து முன்னோட்டம் காட்டுகிறது.

தமிழுக்கு இந்தக் குறை இரட்டிப்பானது. 2008 அக்டோபரில் வந்த பத்தாம் பதிப்புக்கு முன், கொம்பும் காலும் இடம்மாறி அமரும் தமிழ் போன்ற எழுத்துகளை ஃபிளாஷ் சரிவரக் கையாளவில்லை. யுனிகோடில் தட்டிய ‘கொ’ சிதறிப்போகும். வடிவமைப்பாளர்கள் குறுக்குவழி கண்டார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டி, ‘பிரேக் அபார்ட்’ கட்டளையால் எழுத்துகளை வெறும் கோட்டுருவமாக உடைத்துவிடுவார்கள். திரையில் அழகாகத் தெரியும். கணினியைப் பொறுத்தவரை அங்கே எழுத்து என்று எதுவும் இல்லை. 2008-ல் கூகுள் ஃபிளாஷ் கோப்புகளுக்குள்ளிருந்தும் சொற்களை எடுக்கத் தொடங்கியபோது ஆங்கிலத் தளங்களுக்கு ஓரளவு விமோசனம் கிடைத்தது. கோட்டுருவமாகிவிட்ட தமிழில் எடுப்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.

இதன் விளைவை ஊரை வைத்தே பார்க்கலாம். பள்ளத்தூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவன இரண்டு: நடிகை மனோரமா வளர்ந்த ஊர், முருகப்பா குழுமத்துக் குடும்பத்தின் சொந்த ஊர். இந்த இரண்டையும் விரிவாகச் சொல்லும் ஊர்த் தளம் ஒன்று அந்த நாளில் ஃபிளாஷில் அமைந்திருந்தால், ‘மனோரமா பள்ளத்தூர்’ என்று தேடியவர் கண்ணில் அது பட்டிருக்காது. ஏற்கெனவே தமிழ்ப் பக்கங்கள் அரிதாக இருந்த இணையத்தில், இருந்த சிலவற்றையும் தேடலிலிருந்து மறைத்தது இந்த அலங்காரம். வேறு எந்தக் குறையை மன்னித்தாலும் இதை மன்னிப்பது கடினம்.

மற்றொரு பெரிய குறை, உரிமை பற்றியது. செட்டிநாட்டில் பல வீடுகளுக்குப் பங்காளிகள் பலர். வீடு நம்முடையதுதான், ஆனால் சாவியை வைத்திருக்கும் பங்காளி சிங்கப்பூரில் இருந்தால் முன்னோருக்குப் படைக்கும் நாளில்கூட வாசலில் நிற்க வேண்டியதுதான். செருகுநிரலை நம்பிய தளத்தின் நிலை இதுவே. எழுத்தும் படமும் உழைப்பும் உங்களுடையவை. திறப்பது வேறொருவர் கையில்.

அந்தக் கை எப்படி விலகியது என்பது வரிசையாகப் பதிவாகியிருக்கிறது. 2007-ல் வந்த ஐஃபோன் ஃபிளாஷை ஏற்கவே இல்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கான காரணங்களைப் பகிரங்கக் கடிதமாக எழுதினார்: பாதுகாப்பின்மை, மின்கலத்தை விழுங்குவது, விரலால் தொடும் திரைக்குப் பொருந்தாதது, ஒரே நிறுவனத்தின் பிடியில் இருப்பது. ஆப் ஸ்டோருக்கு வெளியே விளையாட்டுகள் ஓடிவிடக் கூடாது என்ற வணிகக் கணக்கும் அவருக்கு இருந்திருக்கலாம். ஆனால் கணக்கு இருந்ததால் காரணங்கள் பொய்யாகிவிடவில்லை. 2011 நவம்பரில் அடோபியே கைபேசி ஃபிளாஷைக் கைவிட்டது. 2015 ஜூலையில் உளவு மென்பொருள் விற்ற ‘ஹேக்கிங் டீம்’ நிறுவனத்தின் ஆவணங்கள் கசிந்து, ஃபிளாஷில் அதுவரை வெளியே தெரியாத ஓட்டைகள் அம்பலமாயின. ஃபயர்பாக்ஸ் அதைத் தற்காலிகமாகத் தடுத்தது. 2017 ஜூலையில் முடிவுத் தேதி அறிவிக்கப்பட்டது. 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் ஏற்கெனவே நிறுவியிருந்த பிளேயரும் ஓட மறுத்தது.

மூன்றரை ஆண்டு அவகாசம் போதாதா என்று கேட்கலாம். கவனித்துக்கொள்ள ஆள் இருக்கும் இடத்துக்குப் போதும். ஃபெட் திட்டமும் நம் மெய்நிகர் ஆய்வகங்களும் பணமும் நேரமும் செலவழித்துப் பல சோதனைகளைச் செருகுநிரல் வேண்டாத எச்டிஎம்எல்5-இல் மறுபடி எழுதின. தென்னாப்பிரிக்க வருமான வரித்துறையோ, படிவங்களை மாற்றி முடிக்காததால், ஃபிளாஷை ஓட்டுவதற்கென்றே 2021 ஜனவரியில் தனிப் பிரவுசர் ஒன்றை வெளியிட வேண்டியதாயிற்று. ஓர் அரசுத் துறைக்கே இந்தப் பாடு. பெரும்பாலான சிறு தளங்கள் ஒருமுறை காசு கொடுத்துக் கட்டப்பட்டு, ஆண்டுக்கொரு முறை டொமைன் கட்டணம் கட்டுவதோடு விடப்படுபவை. வடிவமைத்தவர் வேறு ஊருக்குப் போயிருப்பார். மூலக் கோப்பு யாரிடமும் இருக்காது. அங்கே எவ்வளவு அவகாசம் கொடுத்தாலும் பயனில்லை.

எதிர்வாதம் ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். எந்தத் தொழில்நுட்பம்தான் நிலைத்திருக்கிறது? போதாக்குறைக்கு ஃபிளாஷ் படைப்புகள் முற்றாக அழிந்துவிடவும் இல்லை. ரஃபிள் என்ற திறமூல மென்பொருள் இன்றைய பிரவுசரிலேயே பழைய கோப்புகளை ஓட்டுகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பர் முதல் அதைக் கொண்டு ஆயிரக்கணக்கானவற்றைக் காத்துவருகிறது. உண்மைதான். ஆனால் அப்படிப் பிழைத்தவற்றில் பெரும்பகுதி, ரசிகர்கள் தேடிப்பிடித்துச் சேர்த்த விளையாட்டுகளும் குறும்படங்களும். ஒரு கோயில் அறக்கட்டளையின் திருவிழா அறிவிப்பையோ ஊர்க் கல்லூரியின் துறைப் பக்கத்தையோ மீட்க எந்த ரசிகரும் வரமாட்டார். 1996-ல் எழுதப்பட்ட சாதாரண எச்டிஎம்எல் பக்கமோ எவருடைய தயவும் இல்லாமல் இன்றும் திறக்கிறது. எல்லாம் பழசாகும் என்பது சரி, எல்லாம் ஒரே வேகத்தில் பழசாகாது.

ஃபிளாஷ் போய்விட்டதால் இந்த விவாதம் பழங்கதை என்று நினைப்பது பிழை. 2014 அக்டோபரில் எச்டிஎம்எல்5 இறுதித் தரமானது. சிஎஸ்எஸ், எஸ்விஜி, கேன்வாஸ் ஆகிய தன் சொந்தத் திறன்களால் பிரவுசரே அசைவைக் காட்டுகிறது. ஆனால் செருகுநிரல் வாசகரின் கணினியிலிருந்து தளத்தின் வழங்கிக்கு இடம்பெயர்ந்துவிட்டது. இன்று சிறு தளம் கேட்டால் பலர் வேர்ட்பிரஸில் ‘தீம்’ என்ற வடிவமைப்பு வார்ப்புரு ஒன்றை ஏற்றி, முகப்புக்கு ஸ்லைடர் பிளகின் ஒன்றைப் போட்டுத் தருவார்கள். ஸ்லைடர் ரெவல்யூஷன் என்ற புகழ்பெற்ற பிளகினின் ஓட்டை வழியாக 2014 டிசம்பரில் சோக்சோக் என்ற தீநிரல் பரவியது. 11,000-க்கும் மேற்பட்ட தளங்களை கூகுள் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஓட்டையை அடைத்த பதிப்பு அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வந்திருந்தது. ஆனால் பிளகின் தீமுக்குள் பொதிந்து வந்ததால் அது தங்கள் தளத்தில் இருப்பதே பலருக்குத் தெரியாது.

2017-ல் ஏர்பிஎன்பி வெளியிட்ட லாட்டி என்ற அனிமேஷன் கருவி ஃபிளாஷைவிட எவ்வளவோ மேல். கோப்பு திறந்த வடிவம், படம் துல்லியம், எடை குறைவு. ஆனாலும் 2024 அக்டோபரில் லாட்டி-பிளேயர் நிரல்தொகுப்பின் வெளியீட்டு உரிமையைத் திருடியவர்கள் அதில் தீநிரலைச் சேர்த்தார்கள். புதிய பதிப்பு எதுவோ அதைத் தானாக இழுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்த தளங்களில், வாசகரின் கிரிப்டோ பணப்பையை இணைக்கச் சொல்லும் பெட்டி எழுந்து நின்றது. நல்ல கருவியானாலும், அதை எங்கிருந்து எப்படி வாங்கி வைக்கிறோம் என்பதில் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

இந்த வரலாறு செருகுநிரலே கூடாது என்று சொல்லவில்லை. அதன் இடத்தைச் சொல்கிறது. முதலில், அசைவு பாடமா, பூச்சா என்று பிரிக்க வேண்டும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் சுவர் பூசும் முறையைப் படிப்படியாகக் காட்டும் அனிமேஷன் பாடம்; அதற்கு ஒரு நிரல்தொகுப்பையோ பிளகினையோ நம்புவது தகும், பக்கத்திலேயே எழுத்தில் விளக்கமும் இருந்தால். கதவு திறக்கும் முகப்பு பூச்சு; அதைச் சில வரிச் சிஎஸ்எஸ் செய்துவிடும். அடுத்து, பெயர், முகவரி, தொலைபேசி, வாடகை, வரும் வழி ஆகியவை எந்தச் சூழ்நிலையிலும் அசைவுக்குள் போகக் கூடாது. அவை யுனிகோடுத் தமிழில் வெறும் எழுத்தாக நிற்க வேண்டும். மூன்றாவது, தானாகத் தொடங்கி ஐந்து விநாடிக்கு மேல் ஓடும் எதற்கும் நிறுத்தும் வழி வேண்டும் என்பது உலக அணுகல்தன்மை நெறி. அசைவைக் குறைக்கும்படி கைபேசியில் அமைத்திருப்பவருக்குப் படம் அசையாமலே தெரிய வேண்டும்.

கடைசியாக ஆள் பற்றிய கேள்வி. பிளகினைப் புதுப்பிக்க மாதம் ஒருமுறை உட்காரும் மனிதர் இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஃபிளாஷின் காலத்தில் தளம் அமைத்தவர்களுக்கு வேறு வழி குறைவு. அவர்களைக் குறைசொல்வது எளிது, நியாயம் அன்று. இன்று வழி இருக்கிறது. வடிவமைப்பாளர் தளத்தைக் காட்டிப் பணம் கேட்கும்போது, எல்லாப் பிளகின்களையும் நிறுத்திவிட்டு ஒருமுறை திறந்து காட்டச் சொல்லலாம். வீட்டின் பெயரும் வழியும் எண்ணும் தெரிந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம். வெள்ளைத் திரை வந்தால் வேலை இன்னும் முடியவில்லை.