தண்ணீர் வந்த பிறகு அங்கோர்

கம்போடியாவின் சியம் ரீப் நகரத்து விடுதிகள் ஜூன் முதல் அக்டோபர் வரை வாடகையைக் குறைத்துவிடும். கூட்டம் இருக்காது, செலவு பாதிதான், உள்ளூர்க்காரர்களுக்கும் பிழைப்பு நடக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அங்கோர் கோயில்களை மழைக்காலத்தில் பார்ப்பதே சரி என்பதுதான் என் கட்சியும். ஆனால் அவர்கள் சொல்லும் காரணங்கள் எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை.

அங்கோர் தண்ணீரை நம்பி எழுந்த ஊர். குலேன் மலையிலிருந்து இறங்கும் நீரைக் கெமர் அரசர்கள் கால்வாய்களில் திருப்பி, அகழிகளிலும் பாராய் எனப்படும் பெரும் நீர்த்தேக்கங்களிலும் தேக்கினார்கள். மேற்குப் பாராயின் நீளம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர், அகலம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பள்ளம் பார்த்துக் கரை போட்ட நம்மூர் ஏரி போலன்றி, நான்கு பக்கமும் கரை எழுப்பிக் கட்டியது. அங்கோர் வாட்டைச் சுற்றிய அகழி 190 மீட்டர் அகலம். கோயில் நிற்பதோ மணற்பாங்கான நிலத்தில். அடியில் நிலத்தடி நீர் இருந்தால்தான் மணல் இறுகி நின்று பாரம் தாங்கும். நியாக் பியன் கோயிலை ஏழாம் ஜெயவர்மன் கட்டியதே நீருக்கு நடுவில் தீவாக நிற்பதற்காக. மார்ச்சில் போனால் அதன் குளங்கள் வறண்டு கிடக்கும். செப்டம்பரில் போனால்தான் கட்டியவர் நினைத்த கோயில் கண்ணில் படும்.

அருகிலுள்ள தொன்லே சாப் ஏரியும் அப்படித்தான். மீகோங் ஆறு பெருகும்போது, ஏரியிலிருந்து வெளியேறும் ஆறு திசை திரும்பி உள்ளே பாய்கிறது. கோடையில் 2,500 சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கும் ஏரி, நல்ல ஆண்டில் ஐந்தாறு மடங்கு விரிகிறது. கம்பொங் ப்லுக் கிராமத்து வீடுகள் ஏன் அத்தனை உயரமான கால்களில் நிற்கின்றன என்பது அப்போதுதான் விளங்கும். 2019இலும் 2020இலும் இந்தத் திசைமாற்றம் தாமதமானது. மழைக்குறைவோடு மீகோங்கின் மேற்பகுதியில் கட்டிய அணைகளும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. ஆகவே ஜூலையிலேயே போய் நீரைத் தேடினால் ஏமாறலாம்.

மழையால் தொல்லைகளும் உண்டு. அது பெரும்பாலும் பிற்பகலில் பெய்கிறது. அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். முகப்பில் வெயில் விழுவதும் பிற்பகலில்தான். கோயில் மிக அழகாகத் தெரியும் நேரத்தை மழை பறித்துக்கொள்கிறது. சூரியோதயத்துக்காகக் குளக்கரையில் காத்திருப்போருக்கும் பல நாள் மேகம்தான் மிச்சம். (அந்தக் கைபேசிக் கூட்டத்துக்கு நடுவே கோபுரத்தைத் தேடியவர்கள் இதற்காக வருந்தமாட்டார்கள்.) ஆனால் மழைக்கு ஒதுங்க அங்கே சிற்பத் திருச்சுற்று இருக்கிறது. பாற்கடல் கடையும் காட்சி மட்டுமே ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். வெயில் நாளில் வழிகாட்டியின் அவசரத்தில் ஐந்து நிமிடத்தில் கடந்துபோகும் சுவரை, மழை நிற்கும்வரை ஒவ்வோர் அசுரன் முகமாகப் பார்க்கலாம். பாயோன் கோயிலில் இந்த வசதி இல்லை. வெளிச்சுற்றின் கூரை எப்போதோ விழுந்துவிட்டது. பாசி பிடித்த படிகள் வழுக்கும் என்பதை, வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் லேசாக எண்ணக்கூடாது. 2011 செப்டம்பர் வெள்ளத்தில் பந்தியாய் ஸ்ரே கோயிலில் மாட்டிக்கொண்ட பயணிகளை ஹெலிகாப்டர் அனுப்பித்தான் மீட்டார்கள்.

மலிவு என்ற வாதம்தான் இருப்பதிலேயே பலவீனமானது. நுழைவுச்சீட்டு பருவம் பார்ப்பதில்லை: 2017இல் விலையை உயர்த்தியபோது ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர் என்று வைத்தார்கள், மழைக்கும் வெயிலுக்கும் அதே விலை. குறைவது அறை வாடகையும் வண்டிக்கூலியும். அந்தக் குறைவை யார் தாங்குகிறார்கள்? சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் அங்கே ஆடை, காலணித் தொழிலாளர்களுக்கு உண்டு; விடுதியில் படுக்கை விரிப்பவருக்கும் பாத்திரம் துலக்குபவருக்கும் இல்லை. ஆள் வரத்து ஓய்ந்தால் முதலில் குறைவது அவர்களுடைய வேலை நாள். வழிகாட்டிக்கும் ரெமோர்க் எனப்படும் மோட்டார் சைக்கிள் வண்டிக்காரருக்கும் ஆள் ஏறினால்தான் காசு. மழையில் ஒருவர் வருவது அவர்களுக்கு உதவிதான். வந்தவர் 'இப்போதுதான் ஆளே இல்லையே' என்று பேரம் பேசிக் கூலியைப் பாதியாக்கினால் அது உதவியாகாது.

கூட்டத்தை ஆண்டு முழுவதும் பரப்பினால் கோயில்களுக்கு நல்லது என்பதும் பாதி உண்மை. 2018இல் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் அங்கோருக்கு வந்தார்கள். டிசம்பரில் வரவேண்டியவர் செப்டம்பருக்கு மாறினால் லாபம்; வறண்ட மாதங்களில் விடுதிகள் இறைக்கும் நிலத்தடி நீர் அந்த அளவுக்கு மிஞ்சும். டிசம்பர்க்காரர் வழக்கம்போல் வர, செப்டம்பருக்குப் புதிதாக இன்னொருவரும் வந்தால் சுமைதான் கூடும். கோயில்களின் மணற்கல் ஈரம் ஏறினால் வலுக்குறையும். அதற்கும் ஓய்வு மாதம் இல்லாமல் போகும். விளம்பரங்கள் இந்தக் கணக்கைப் பேசுவதே இல்லை.

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பள்ளி விடுமுறையை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில் கிளம்புகின்றன. அங்கோருக்கு அதைவிட மோசமான நேரம் இல்லை: வெயில் உச்சம், குளத்தில் நீர் இல்லை. காலாண்டு விடுமுறை மேல். அதை ஒட்டித்தான் பெரும்பாலும் ப்சும் பென் என்ற முன்னோர் வழிபாட்டு விழா வரும். நமக்கு மகாளய பட்சம் நடக்கும் அதே தேய்பிறையில் கெமர் மக்கள் விடியுமுன் விகாரைக்குப் போய் முன்னோருக்குச் சோற்றுருண்டை படைக்கிறார்கள். கடைசி மூன்று நாள் அரசு விடுமுறை, சிறு கடைகள் மூடிக்கிடக்கும், பேருந்தில் இடம் கிடைப்பது கடினம். அதற்கு முந்தைய வாரத்தில் போங்கள். மூன்று நாள் சீட்டாக வாங்குங்கள். பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் அது செல்லும் என்பதால், மழை விடாமல் கொட்டும் நாளில் அறையிலேயே இருந்துவிடலாம்.