கோல் போட்டது யார்? காசு போட்டது யார்?

தமிழில் விளையாட்டுப் படம் எடுக்க ஒரு ஃபார்முலா இருக்கிறது. திறமையுள்ள ஏழை ஒருவர் வேண்டும். மனசு கசந்துபோன ஒரு கோச். டெல்லியிலோ மும்பையிலோ கோட் போட்ட ஒரு வில்லன். கடைசி நிமிஷத்தில் ஒரு கோல், ஒரு சிக்ஸர் அல்லது ஒரு குத்து. தியேட்டரில் விசில். வீட்டுக்குப் போய்விடலாம்.

'ஜீவா'வில் (2014) வில்லன் ஜாதி. 'இறுதிச்சுற்று'வில் (2016) சங்கத்து அரசியலும் அதிகாரியின் வக்கிரமும். 'பிகில்'லில் (2019) கால்பந்து சம்மேளனத்தின் தலைவரே வில்லன். 'கனா' (2018) மட்டும் கொஞ்சம் வித்தியாசம். அதில் மகள் கிரிக்கெட் ஆடப் போகும்போது அப்பாவின் வீட்டை பேங்க் ஜப்தி செய்ய வருகிறது. ஆட்டத்துக்குப் பக்கத்தில் காசும் நிற்கிறது என்று சொன்ன அபூர்வமான படம். ஆனால் அங்கும் காசு விவசாயக் கடனாகத்தான் வந்தது. ஆட்டத்துக்கு ஆகும் செலவாக வரவில்லை.

இந்தப் படங்கள் பொய் சொல்கின்றன என்று சொல்லவில்லை. ஜாதி உண்டு, சங்க அரசியல் உண்டு. ஆனால் ஒரு சின்ன ஊர்க் காலேஜில் விளையாடும் பையனையோ பெண்ணையோ கேட்டுப் பாருங்கள். "சார், வேன் வாடகைக்குப் பணம் சாங்ஷன் ஆகல, அதனால மேட்ச்சுக்குப் போகல" என்பார்கள். இந்தக் கதையில் வில்லனே கிடையாது. ஒரு ஃபைல் மேஜையில் கிடக்கிறது, அவ்வளவுதான். ஃபைலை எந்த ஹீரோவும் உதைத்துப் பறக்கவிட முடியாது. அதனால் சினிமாவுக்கு அது வேண்டாம்.

'பிகில்' உதாரணம் இன்னும் சுவாரசியமானது. தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி தேசியக் கோப்பையை ஜெயிப்பதுதான் கதை. 180 கோடி ரூபாய் பட்ஜெட் என்று அப்போது செய்திகள் வந்தன. படம் வந்தது 2019 தீபாவளிக்கு. அதற்கு இருபது மாதங்கள் முன்பே, 2018 பிப்ரவரியில், கட்டாக்கில் நிஜத் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி நிஜத் தேசியக் கோப்பையை ஜெயித்துவிட்டது. ஃபைனலில் தோற்கடித்தது யாரை? அந்தக் கோப்பையைத் தன் குடும்பச் சொத்து போல வைத்திருந்த மணிப்பூரை. 2-1. தமிழ்நாட்டுக்கு அதுதான் முதல் முறை. எத்தனை பேருக்குத் தெரியும்? விஜய் ஜெயித்துக் கொடுத்த பிறகுதான் பெண்கள் கால்பந்து என்று ஒன்று இருப்பதே நமக்கு உறைத்தது.

அந்த அணியில் ஆடியவர் கடலூர் இந்துமதி கதிரேசன். 2019 மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில் இந்தியா தெற்காசிய சாம்பியன்ஷிப்பை வென்றபோதும் கோல் அடித்தவர். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? சென்னையில் சப்-இன்ஸ்பெக்டராக ரோட்டில் டூட்டி. ஆடுவது இந்தியாவுக்கு, சம்பளம் போலீஸில். தப்பில்லை, நல்ல வேலைதான். ஆனால் கால்பந்து அவருக்குச் சோறு போடவில்லை என்பதும் அதில் அடக்கம்.

கடலூரிலிருந்து இப்படிப் பெண்கள் கிளம்பி வந்தது தற்செயல் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே வசதியில்லாத வீட்டுப் பெண்களைச் சேர்த்து கால்பந்து சொல்லிக்கொடுத்தவர் பயிற்சியாளர் மாரியப்பன். இந்திரா காந்தி அகாடமி என்ற பெயரில் அந்த அணி 2017-18 இந்தியப் பெண்கள் லீக் வரைக்கும் போனது. பண்ருட்டிப் பக்கத்து சந்தியா ரங்கநாதன் இந்திய அணிக்குப் போனதும் இந்த வழியில்தான். ஒரு மாவட்டத் தலைநகரில், பெரிய ஸ்பான்சர்கள் வரிசையில் நிற்காத ஊரில் நடந்த விஷயம் இது. இதற்குப் படம் எடுத்தால் முதல் காட்சி ஸ்டேடியத்தில் இருக்காது. பந்து வாங்க யாரிடம் கேட்பது என்று ஒருவர் யோசிப்பதில்தான் ஆரம்பிக்கும்.

* * *

சரி, கல்லூரிக் கணக்குக்கு வருவோம். அட்மிஷன் சமயத்தில் கொடுக்கும் ஃபீஸ் ரசீதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். லைப்ரரி, மேகஸின், ஐ.டி. கார்டு என்று போகும் வரிசையில் 'விளையாட்டு' என்று ஒரு வரி இருக்கும். சின்னத் தொகைதான். கண்ணில் படாது.

உதாரணத்துக்கு ஒரு கல்லூரியை நாமே கற்பனை செய்துகொள்வோம். 2,000 மாணவர்கள். தலைக்கு 100 ரூபாய். மொத்தம் 2 லட்சம். கபடி, வாலிபால், கால்பந்து, கோ-கோ, அத்லெடிக்ஸ். ஆண்கள், பெண்கள் என்று பத்து அணிகள். ஓர் அணிக்கு 20,000 ரூபாய். ஒரு வருஷத்துக்கு!

கால்பந்து அணியில் 18 பேர். போட்டிக்கு முன்னால் ஒரு மாதம் பிராக்டிஸ். ஓடிவிட்டு வரும் பிள்ளைக்கு ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு கப் சுண்டல், ஒரு கிளாஸ் பால். முப்பது ரூபாய்க்குள் முடித்துவிடுவது இன்று கஷ்டம், இருந்தாலும் முப்பது என்றே வைப்போம். பதினெட்டு பேருக்கு முப்பது நாளுக்கு 16,200. மீதி 3,800. இதில் பந்து, ஜெர்சி, மருந்து, பஸ் டிக்கெட். பூட்ஸ் பற்றிப் பேசவே வேண்டாம். ஜோடி ஆயிரம் ரூபாய் என்றாலும் 18,000.

இந்த 20,000-மும் முழுசாகக் கையில் வராது. பல்கலைக்கழகத்துக்குக் கட்டவேண்டியது, போட்டிகளுக்கான நுழைவுக் கட்டணம் எல்லாம் தனி. அப்புறம் அட்வான்ஸ் எடுப்பது, வவுச்சர் வைப்பது, ஆடிட்டில் கேள்வி வருவது. 'சுண்டலுக்கு ஜி.எஸ்.டி. பில் எங்கே?' என்று கேட்டால் தள்ளுவண்டிக்காரரிடம் போய் பில் வாங்க முடியுமா? அதனால் நல்ல பி.டி. மாஸ்டர் என்ன செய்கிறார்? கைக்காசைப் போடுகிறார். மோசமான பி.டி. மாஸ்டர் என்ன செய்கிறார்? அணியை அனுப்பாமலே இருந்துவிடுகிறார். அவருக்கு ஆடிட் பிரச்னையே வராது. நம் கணக்கு முறையில் ஒன்றும் செய்யாதவர்தான் சுத்தமானவர்.

இன்னொரு பக்கம் வசதியான சுயநிதிக் கல்லூரிகள். ப்ளஸ் டூவில் மாநில அளவில் ஆடிய பிள்ளைக்கு ஃப்ரீ சீட், ஃப்ரீ ஹாஸ்டல், சாப்பாடு. பிள்ளைக்கு நல்லதுதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கல்லூரி செய்திருப்பது விளம்பரச் செலவு. தயாரான ஆட்டக்காரரை வாங்கி, கோப்பையோடு போட்டோ எடுத்து, அட்மிஷன் நோட்டீஸில் போடுகிறது. அவரை உருவாக்கியது ஒரு அரசுப் பள்ளி மைதானமும் ஒரு வாத்தியாரும். அந்த மைதானத்துக்கு ஒரு பைசா திரும்பிப் போகாது.

* * *

சிதம்பரத்தைப் பார்ப்போம். 1929-ல் ராஜா அண்ணாமலை செட்டியார் தொடங்கிய பல்கலைக்கழகம். விளையாட்டுக் கல்விக்குத் தனித் துறையே உள்ள இடம். தமிழ்நாடு முழுக்க உள்ள பி.டி. மாஸ்டர்களில் பலர் அங்கே படித்தவர்கள். அந்தப் பல்கலைக்கழகம் 2012-ல் பணமில்லை என்று சொல்லி ஊழியர் சம்பளத்தில் கை வைக்கப் பார்த்தது. போராட்டம் வெடித்தது. 2013-ல் அரசு நிர்வாகி வந்தார், தனிச் சட்டம் போட்டு அரசே எடுத்துக்கொண்டது. தேவைக்கு மேல் பல்லாயிரம் ஊழியர்களைச் சேர்த்து வைத்திருந்தது அப்போது வெளியே வந்தது. சம்பளத்துக்கே தள்ளாடும் இடத்தில் 'ஹாக்கி ஸ்டிக் உடைஞ்சு போச்சு சார்' என்று எந்த மாணவன் போய் நிற்பான்?

2021-ல் இன்னொரு மாற்றம். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தார்கள். இதன் பின்னணி அரசியல் நமக்கு வேண்டாம். அதுவரை கடலூர்க் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகம் வேலூர்ப் பக்கம் இருந்தது. போக ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். இப்போது சிதம்பரம், நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குள். தேவனாம்பட்டினத்தில் இருக்கும் அரசுக் கல்லூரி மாணவி காலையில் பஸ் ஏறிப் போய் ஆடிவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். தங்கும் செலவு இல்லை, 'பொண்ணை வெளியூர்ல ராத் தங்க விடமாட்டேன்' என்ற அப்பாவின் தடையும் பாதி குறையும். விளையாட்டை நினைத்துச் செய்யாத ஒரு முடிவில் விளையாட்டுக்கு இப்படி ஒரு லாபம். நினைத்துச் செய்தால் என்னென்ன கிடைக்கும்!

அமெரிக்காவைப் பார் என்று சொல்பவர்கள் உண்டு. பார்த்தால் தலை சுற்றுகிறது. 2025-ல் வந்த ஒரு கோர்ட் சமரசப்படி அங்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு முதல் வருஷத்தில் சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாகப் பங்கு தரலாம். அது வேறு உலகம். அங்கே உள்ள சின்னக் கல்லூரிகளின் கதைதான் நமக்குப் பக்கம். மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. ஆனாலும் பிள்ளைகள் ஆட வருகிறார்கள், ஃபீஸ் கட்டுகிறார்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்து தவிக்கும் கல்லூரிகள் புதிதாக அணி ஆரம்பித்து அட்மிஷனைக் கூட்டுகின்றன. அங்கே அணி என்பது வருமானம். இங்கே செலவு.

அவர்களிடம் காப்பியடிக்கவேண்டியது பணத்தை அல்ல. 1994-ல் அவர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். அரசு உதவி பெறும் மாணவர்கள் படிக்கும், இரு பாலருக்கும் பொதுவான ஒவ்வொரு கல்லூரியும் விளையாட்டுக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, ஆண்கள் அணிக்கு எவ்வளவு, பெண்கள் அணிக்கு எவ்வளவு என்று வருஷா வருஷம் ஊரறியச் சொல்லவேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நமக்கு இது ஏன் முக்கியம் என்றால், அந்த நூறு ரூபாயைக் கட்டும் 2,000 பேரில் 1,800 பேர் மைதானத்துப் பக்கமே போகாதவர்கள். அவர்கள் காசில்தான் மற்றவர்கள் ஆடுகிறார்கள். அது நியாயமா? நியாயம்தான், காசு நிஜமாகவே மைதானத்துக்குப் போனால். சாயங்காலம் யார் வேண்டுமானாலும் வந்து ஒரு மணி நேரம் பந்தை உதைக்கலாம் என்று கேட்டைத் திறந்து வைத்தால். போகாமல் வேறு கணக்கில் கரைந்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். ஆடாதவன் காசு போச்சு, ஆடுகிறவள் மேட்ச்சும் போச்சு.

ஒரே ஒரு காகிதம் போதும். வருஷ முடிவில் நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். விளையாட்டுக் கட்டணமாக வசூல் இவ்வளவு, பல்கலைக்கழகத்துக்குப் போனது இவ்வளவு, ஆண்கள் அணிகளுக்கு, பெண்கள் அணிகளுக்கு, மீதி. ஐந்து வரி. ஒட்டமாட்டோம் என்றால் அரசுக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்தான் கட்டணம். பரீட்சை பயத்தில் பிள்ளைகள் கேட்கத் தயங்குவார்கள். பெற்றவர்கள் கேட்கலாமே.

அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறது தமிழக அரசு. கடலூர் பெண் ஒருத்திக்கு ஒரு மேட்ச் என்பது பொழுதுபோக்கு இல்லை. அந்த சர்டிஃபிகேட் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளமாக மாறலாம். வேன் வராத காரணத்தால் அவள் ஆடாமல் போன மேட்ச்சை எந்த ரெக்கார்டிலும் யாரும் எழுதுவதில்லை. தோற்றவர்கள் பட்டியலில்கூட அவள் பெயர் இருக்காது.